சென்னையில் வீட்டுக்கல்வி: வாரத்தை அமைப்பதும் ஊரைப் பயன்படுத்துவதும்

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைப்பது என்று முடிவெடுக்கும் குடும்பங்கள் பெரும்பாலும் முதல் வேலையாகச் சாப்பாட்டு மேசையில் ஒரு குட்டிப் பள்ளியை நிறுவிவிடுகின்றன. ஒன்பது மணிக்குக் கணக்கு, பத்து மணிக்கு ஆங்கிலம், பதினொன்றுக்கு அறிவியல் என்று சுவரில் கால அட்டவணை ஏறிவிடும். சில வாரங்களிலேயே பாடம் சொல்லும் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ தொண்டை கட்டிக்கொள்ளும். பிள்ளைக்கும் பள்ளியே தேவலை என்று தோன்றத் தொடங்கும். வீட்டுக்கல்வியின் சுமையில் பாதியை ஊர்மீது இறக்கி வைக்கலாம் என்பதும், அதற்கு ஊரின் வேலை நேரமும் விடுமுறை நாளும் தெரிந்திருக்க வேண்டும் என்பதும்தான் இங்கே சொல்ல வருவது. ஐந்து வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளோடு சென்னையிலோ அதன் புறநகரிலோ வாழும் குடும்பத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டிருக்கிறது. மதுரை, கோவை, திருச்சி போன்ற ஊர்களில் இருப்பவர்கள் இடப்பெயர்களை மாற்றிக்கொண்டால் பெரும்பகுதி அப்படியே பொருந்தும்.

சட்டத்தைப் பற்றி முதலில்

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 வயது முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு இலவசக் கல்வி தருவது அரசின் கடமை என்று அது சொல்கிறது. வீட்டுக்கல்வியை அது பெயர் சொல்லி அனுமதிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. தில்லி உயர் நீதிமன்றத்தில் நடந்த ஒரு வழக்கில், வீட்டில் படிக்க வைக்க விரும்பும் பெற்றோருக்கு இச்சட்டம் குறுக்கே நிற்காது என்று மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் 2012-இல் தெரிவித்தது. ஆகவே பதிவு செய்ய ஓர் அலுவலகமோ, வாங்க ஓர் உரிமமோ கிடையாது. இது வசதியாகத் தோன்றினாலும், பிள்ளை எட்டு ஆண்டுகள் வீட்டில் நன்றாகப் படித்தது என்று முத்திரை குத்தித் தர யாரும் இல்லை என்பதையும் சேர்த்தே புரிந்துகொள்ள வேண்டும். அந்த இடத்தை நிரப்பப்போவது நீங்கள் வைத்திருக்கும் கோப்பு மட்டுமே.

பிள்ளை ஏற்கெனவே பள்ளியில் படித்துக்கொண்டிருந்தால் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்திவிடக் கூடாது. எழுத்து மூலம் தெரிவித்து, கட்டணப் பாக்கியைத் தீர்த்து, மாற்றுச் சான்றிதழை, அதாவது டி.சி.யை, கையில் வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் கல்வித் துறை மாணவர் விவரங்களைப் பதிந்து வைக்கும் எமிஸ் கணினிப் பதிவில், அந்தப் பள்ளியின் கணக்கிலேயே பெயர் தொங்கிக்கொண்டிருக்கும். பின்னாளில் வேறு பள்ளியில் சேர்க்கும்போதுதான் அதன் தொல்லை தெரியவரும். டி.சி.யின் நகலில் எமிஸ் எண்ணையும் குறித்து வைப்பது நல்லது.

பள்ளி செல்லாக் குழந்தைகளைக் கண்டறிவதற்காகக் கல்வித் துறை கணக்கெடுப்பு நடத்துவதுண்டு. உங்கள் தெருவுக்கும் ஆசிரியர்கள் வரலாம். வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கும் அவர்கள் தேடுவது வேலைக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளையும் படிப்பை இடையில் விட்ட பிள்ளைகளையும்தான். சட்டப்பிரிவுகளை ஒப்பித்து வாதாட வேண்டாம். உள்ளே அழைத்து உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, "வீட்டில்தான் படிக்கிறாள் மேடம், இவைதான் அவளுடைய நோட்டுகள்" என்று பிள்ளையின் வேலைகளைக் காட்டினாலே பேச்சு இயல்பாகிவிடும். அவர்கள் படிவத்தில் எழுதிக்கொள்வதை நீங்களும் ஒரு தாளில் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள்.

மறுபடியும் பள்ளிக்குப் போக நேர்ந்தால் என்ன ஆகும் என்ற அச்சம் தாத்தா பாட்டிகளுக்கு அதிகம். அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு, ஆறு வயதைக் கடந்தும் பள்ளியில் சேராத அல்லது இடையில் விட்ட குழந்தையை அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்கிறது. பத்து வயதுப் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைக்க முடியாது. எட்டாம் வகுப்பு வரை திரும்பிப் போகும் வழி திறந்தே இருக்கிறது என்பதை வீட்டுப் பெரியவர்களுக்கு எடுத்துச் சொன்னால் பாதிச் சண்டை அடங்கிவிடும்.

இழப்பவற்றையும் மறைக்கக் கூடாது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீடும், புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் கல்லூரி மாணவர்களுக்கு மாதந்தோறும் கிடைக்கும் 1000 ரூபாயும், 6ஆம் வகுப்பிலிருந்து பள்ளியில் படித்ததை அடிப்படையாகக் கொண்டவை. அரசுப் பணியில் தமிழ்வழியில் படித்தோருக்கான 20 விழுக்காட்டு முன்னுரிமைக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே பள்ளிச் சான்று கேட்கிறார்கள். இவற்றை நம்பியிருக்கும் குடும்பம், ஐந்தாம் வகுப்பு வயது வரை வீட்டில் வைத்திருந்து ஆறாம் வகுப்பில் அரசுப் பள்ளியில் சேர்ப்பதைப் பற்றி யோசிப்பது நல்லது என்பது என் கருத்து. அப்படிச் செய்தாலும் தமிழ்வழி முன்னுரிமை மட்டும் கைநழுவிப் போகும்.

பள்ளி சத்தமில்லாமல் செய்துவந்த வேலைகள்

பள்ளி பாடம் மட்டும் நடத்துவதில்லை என்பது அதை விட்டு வந்த பிறகுதான் தெரியும். 10 வயதிலும் 16 வயதிலும் போட வேண்டிய டி.டி. (டெட்டனஸ், டிப்தீரியா) தடுப்பூசியைப் பள்ளிகளில் முகாம் வைத்துப் போட்டுவிடுகிறார்கள். உங்கள் பிள்ளைக்கு நீங்கள்தான் நாள் பார்த்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போக வேண்டும். தேசியக் குடற்புழு நீக்க நாளில் 1 முதல் 19 வயது வரையுள்ளோருக்குக் கொடுக்கப்படும் அல்பெண்டசோல் மாத்திரையைப் பள்ளி செல்லாத பிள்ளைகள் அங்கன்வாடியில் பெற்றுக்கொள்ளலாம். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அங்கன்வாடிப் பணியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். கண் பரிசோதனையும் அப்படியே. கரும்பலகை தெரியவில்லை என்று சொல்ல வீட்டில் கரும்பலகை இல்லை என்பதால், பார்வைக் குறை வெளிப்படத் தாமதமாகலாம்.

ஆதார் அட்டையில் கைரேகையையும் கருவிழிப் பதிவையும் 5 வயதில் ஒரு முறையும் 15 வயதில் ஒரு முறையும் புதுப்பிக்க வேண்டும். சாதிச் சான்றிதழை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து முன்கூட்டியே வாங்கி வைத்தால், தேர்வுக் காலத்தில் ஓட வேண்டியிருக்காது. பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயர் ஏறியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். மருத்துவமனையில் பெயர் வைக்கும் முன்பே வாங்கிய சான்றிதழில் அந்த இடம் வெறுமையாகவே இருக்கும். பல வீடுகளில் அது யார் கண்ணிலும் படாமல் கிடக்கிறது.

இவற்றோடு பிள்ளையின் வேலைகளையும் கோப்பில் சேருங்கள். எல்லாவற்றையும் வைக்கத் தேவையில்லை. மாதத்துக்கு ஒரு எழுத்து வேலை, ஒரு கணக்குத் தாள், ஒரு படம், படித்த புத்தகங்களின் பட்டியல், போய் வந்த இடங்களின் நுழைவுச் சீட்டு ஆகியவை தேதியிட்டு இருந்தால் போதும். அயலூருக்கு மாற்றலாகி அங்கே பள்ளியில் சேர்க்க நேரும்போது, தலைமையாசிரியருக்குப் பத்து நிமிடத்தில் பிள்ளையின் நிலை புரிந்துவிடும்.

ஒரு நாள் எப்படி இருக்கலாம்

காலையில் ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம் மட்டும் கணக்குக்கும் மொழிக்கும் என்று ஒதுக்குங்கள். ஒரே பிள்ளையோ இரண்டு பிள்ளைகளோ பக்கத்தில் உட்கார்ந்து படிக்கும்போது, வருகைப் பதிவு, வரிசை, காத்திருப்பு ஆகியவை இல்லாததால் அது தாராளமாகப் போதும். தமிழ்நாட்டுப் பாடநூல்களும் தேசியக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் நூல்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அச்சுப் பிரதி வேண்டுமென்றால், நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் உள்ள பாடநூல் கழக விற்பனை நிலையத்தில் வாங்கிக்கொள்ளலாம். பாடங்களுக்கான காணொளிகளை மணற்கேணி செயலியில் தமிழிலேயே பார்க்கலாம். பாடநூலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை உருட்டியே தீர வேண்டும் என்பதில்லை. அந்த வயதுக்கு என்ன எதிர்பார்க்கப்படுகிறது என்பதை அறியும் அளவுகோலாக வைத்துக்கொண்டால் போதும்.

இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் அந்த இரண்டு மணி நேரம் காலை ஆறரைக்கும் விழலாம், இரவு ஏழுக்கும் விழலாம். எப்போது என்பதைவிட, நாள்தோறும் அதே நேரத்தில் நடப்பதுதான் கணக்கு. மாலை நான்கரை மணியிலிருந்து இருட்டும் வரை எந்தப் பாடத்தையும் வைக்காதீர்கள். குடியிருப்பின் மற்றப் பிள்ளைகள் பள்ளி வேனிலிருந்து இறங்கி, பையைப் போட்டுவிட்டுக் கீழே ஓடிவரும் நேரம் அதுதான். வீட்டுக்கல்விப் பிள்ளைக்கு நண்பர்கள் எங்கே என்று உறவினர்கள் கேட்கும் கேள்விக்கு விடை, மாடிப்படிக்கு அடியிலும் தெருமுனைக் கிரிக்கெட்டிலும் இருக்கிறது.

பகல் பொழுதில் வீட்டு வேலையே பாடமாகும் என்று சொல்வது எளிது. எந்த வேலை, எப்படி என்பதுதான் முக்கியம். மின் மீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முகப்பில் ஒரு யூனிட்டுக்குச் சிவப்பு விளக்கு எத்தனை முறை சிமிட்டும் என்று அச்சிட்டிருப்பார்கள். அது 3200 என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, 1000 வாட் இஸ்திரிப் பெட்டியை மட்டும் சூடேற்றி, ஒரு நிமிடத்துக்குச் சிமிட்டல்களை எண்ணச் சொன்னால் ஏறக்குறைய 53 வரும். 75 வாட் மின்விசிறிக்கு 4 தான் வரும். இரண்டுக்கும் ஏன் இந்த வேறுபாடு என்று பிள்ளையே வகுத்துப் பார்க்கும். தமிழ்நாட்டில் இரண்டு மாதங்களுக்கு ஒரு முறை மீட்டர் பார்க்கிறார்கள். வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதற்குமேல் படிப்படியாகக் கட்டணம் ஏறுகிறது. வாரந்தோறும் மீட்டரைப் படித்து எழுதும் பதினொரு வயதுப் பிள்ளையால் அடுத்த கட்டணத் தொகையை முன்கூட்டியே சொல்ல முடியும். சதவீதமும் படிவரிசைக் கணக்கும் இதைவிடத் தெளிவாக எந்தப் பயிற்சித் தாளிலும் கிடைக்காது. மீட்டர் பெட்டியைக் கையால் தொடக் கூடாது, பார்ப்பது மட்டும்தான் என்பதை முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

மழைக்காலத்தில் இதேபோல் ஒரு மழைமானி வைக்கலாம். நேராக நிற்கும் பக்கங்களும் தட்டையான அடியும் கொண்ட ஒரு பாத்திரத்தை மொட்டை மாடியின் நடுவில், சுவரும் மரமும் மறைக்காத இடத்தில் வைத்து, காலை எட்டரை மணிக்கு அளவுகோலால் அளந்தால் போதும். நுங்கம்பாக்கத்திலும் மீனம்பாக்கத்திலும் பதிவான மழையளவு மறுநாள் நாளிதழில் வரும். வேளச்சேரியில் 60 மில்லிமீட்டர் பெய்த நாளில் நுங்கம்பாக்கத்தில் 20 தான் என்று பார்க்கும்போது, ஒரே நகரத்துக்குள் மழை எவ்வளவு வேறுபடுகிறது என்பது புரியும். அதோடு செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்மட்டத்தையும் வரைபடத்தாளில் குறித்து வரச் சொல்லுங்கள். அதன் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3645 மில்லியன் கன அடி. அக்டோபரில் தொடங்கிய கோடு டிசம்பர் வரை ஏறுவதையும், பிறகு கோடை முழுவதும் மெல்ல இறங்குவதையும் பிள்ளை தன் கையாலேயே வரைந்திருக்கும்.

வாரத்தை விடுமுறை நாள்களை வைத்து அமைப்பது

வெளியே போவதை மனம் போன போக்கில் விட்டால், வாரம் முழுவதும் வீட்டிலேயே கழிந்துவிடும். அல்லது பூட்டிய கதவின் முன் போய் நிற்க நேரும். சென்னையில் செவ்வாயும் வெள்ளியும் கவனிக்க வேண்டிய நாள்கள். கிண்டி சிறுவர் பூங்கா, அதன் அருகில் உள்ள பாம்புப் பண்ணை, வண்டலூர் உயிரியல் பூங்கா, முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா ஆகியவற்றுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. கிளை நூலகங்களுக்கும் பொதுவாக அப்படியே. வடநெம்மேலி முதலைப் பண்ணைக்கும் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை அருகில் உள்ள ரயில் அருங்காட்சியகத்துக்கும் திங்கட்கிழமை விடுமுறை. ஆகவே புதனும் வியாழனும் வெளியே போகும் நாள்கள் என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் குறையும். செவ்வாய்க்கிழமையைச் சந்தை, அஞ்சலகம், வங்கி போன்ற வெளிவேலைகளுக்கு விட்டுவிடலாம். விடுமுறை நாள்களும் நேரங்களும் மாறக்கூடியவை. கிளம்புமுன் ஒரு முறை தொலைபேசியில் கேட்டுவிடுவது நல்லது.

கிளை நூலகத்தில்தான் தொடங்க வேண்டும், அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் அல்ல. பெரியது பிரமிப்பைத் தரும்; பழக்கத்தைத் தருவது நடந்து போகும் தொலைவில் உள்ள சிறியதுதான். சுதந்திர இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்டது சென்னை மாகாணத்தில், 1948-இல். நாம் செலுத்தும் சொத்து வரியோடு நூலக வரியாகப் பத்து விழுக்காடு இன்றும் வசூலிக்கப்படுகிறது. ஏற்கெனவே பணம் கட்டிவிட்டோம், பயன்படுத்துவதில் கூச்சம் எதற்கு? பிள்ளையின் பெயரிலேயே உறுப்பினர் அட்டை வாங்குங்கள். நூலகரிடம் பிள்ளையே பேசட்டும். புதிய சிறுவர் நூல்கள் வந்தால் எடுத்து வைக்கும் நூலகர்கள் இருக்கிறார்கள். வாரந்தோறும் வந்து முகம் காட்டும் பிள்ளைக்குத்தான் அந்த நன்மை கிடைக்கும்.

கோட்டூர்புரத்துக்கு ஒரு முழு நாள் வேண்டும். 2010-இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் முதல் தளத்தில் சிறுவர் பிரிவு இருக்கிறது. நடந்து போகும் தொலைவிலேயே பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையமும், 1988 முதல் இயங்கும் பிர்லா கோளரங்கமும் இருக்கின்றன. கோளரங்கக் காட்சிகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் தனித்தனி நேரங்களில் நடப்பதால், தமிழ்க் காட்சியின் நேரத்தைக் கேட்டுக்கொண்டு மற்றவற்றை அதைச் சுற்றி அமைத்துக்கொள்ளுங்கள். கடற்கரை–வேளச்சேரி பறக்கும் ரயிலில் கோட்டூர்புரம் நிலையத்தில் இறங்கினால் பக்கம். மாநகரப் பேருந்தில் வருவதென்றால், சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021 மே முதல் மகளிருக்குக் கட்டணம் இல்லை என்பதால் அம்மாவும் மகளும் செலவின்றி வந்து போகலாம். மகனுக்குச் சீட்டு வாங்க வேண்டும். பள்ளி மாணவர்களுக்கான இலவசப் பயண அட்டை பள்ளி வழியாகத் தரப்படுவதால் அது நமக்குக் கிடைக்காது.

எழும்பூர் அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கப்பட்டது. அதே வளாகத்தில் 1896-இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகமும் இருக்கிறது. இங்கே பலரும் எல்லாக் கூடங்களையும் ஒரே நாளில் சுற்றிவிட முயல்கிறார்கள். மதியத்துக்குள் பிள்ளை களைத்து, எதுவும் மனத்தில் நிற்காமல் போய்விடுகிறது. ஒரு முறைக்கு ஒரு கூடம், ஒரு கூடத்தில் ஒரே ஒரு பொருள் என்பதே சரியான வழி. வெண்கலக் கூடத்தில் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன்னால் உட்கார வைத்து, பென்சிலால் வரையச் சொல்லிப் பாருங்கள். முதலில் முகம், பிறகு இடுப்பின் வளைவு என்று வரைந்துகொண்டே வரும் பிள்ளை கைகளுக்கு வந்ததும் நிற்கும். வலப்பக்கம் இரண்டு கைகள், இடப்பக்கம் ஒன்றுதான். சிவனின் பாதிக்கு இரண்டு, உமையின் பாதிக்கு ஒன்று. வலது பாதியும் இடது பாதியும் ஆடையிலும் அணியிலும் வேறாக இருப்பதும் அப்போதுதான் கண்ணில் படும். பதினோராம் நூற்றாண்டுச் சிற்பி என்ன நினைத்து அப்படிச் செய்தார் என்ற கேள்வியைப் பிள்ளையே கேட்கும். பெயர்ப் பலகையைப் படித்துவிட்டு நகர்ந்திருந்தால் அந்தக் கேள்வி பிறந்திருக்காது. பேனா வேண்டாம், பென்சிலே போதும்; படியிலோ தரையிலோ உட்காருமுன் காவலரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது மரியாதை.

பள்ளி நேரத்தில் வெளியே வரும் பிள்ளையைப் பார்த்து, "ஏன் கண்ணு, இன்னைக்கு ஸ்கூல் இல்லையா?" என்று நடத்துநரிலிருந்து சீட்டு கொடுப்பவர் வரை கேட்பார்கள். "வீட்டிலேயே படிக்கிறேன் சார்" என்று சிரித்த முகத்தோடு ஒரே வரியில் சொல்லப் பழக்கிவிடுங்கள். பிள்ளையின் சார்பில் பெற்றோர் நீண்ட விளக்கம் கொடுக்கத் தொடங்கினால்தான் சந்தேகம் வரும்.

கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு மாதம் ஒரு முறை போனால் போதும். 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் தென் மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டின் முற்றத்துக்கும் கேரள வீட்டின் சரிந்த கூரைக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து மழையளவைப் பற்றிப் பேசலாம். அதே சாலையில் மேலும் தெற்கே, வடநெம்மேலியில், 1976 முதல் முதலைப் பண்ணை இருக்கிறது. மாமல்லபுரத்தில் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தொல்லியல் துறையின் நுழைவுக் கட்டணம் கிடையாது. ஐந்து ரதங்களின் உச்சி முழுமையாகச் செதுக்கப்பட்டிருக்க, அடிப்பகுதிகள் பல இடங்களில் முடிக்கப்படாமல் நிற்பதைக் காட்டி, சிற்பிகள் மேலிருந்து வேலையைத் தொடங்கினார்களா, கீழிருந்தா என்று கேட்டுப் பாருங்கள்.

செவ்வாய்க்கிழமை அஞ்சலகத்துக்கு வருவோம். பத்து வயது நிறைந்த பிள்ளை தன் பெயரிலேயே அஞ்சலகச் சேமிப்புக் கணக்கைத் தொடங்கித் தானே கையாளலாம். பணம் போடும் படிவத்தைப் பிள்ளையே நிரப்பட்டும். அடித்தல் திருத்தல் இருந்தால் எழுத்தர் திருப்பிக் கொடுப்பார், வேறொன்று எழுதி வரட்டும். அண்ணா சாலைத் தலைமை அஞ்சலகத்தில் தபால்தலை சேகரிப்போருக்குத் தனிப் பிரிவு உண்டு. 50 காசு அஞ்சலட்டையில் வாரம் ஒரு கடிதம் ஊரில் இருக்கும் ஆச்சிக்கோ அத்தைக்கோ போனால், தமிழ்க் கட்டுரைப் பயிற்சி என்று தனியாக ஒன்று தேவையில்லை.

ஆண்டு முழுவதற்குமான திட்டம்

சென்னையில் கல்வியாண்டு ஜூனில் தொடங்கினாலும், வீட்டுக்கல்விக் குடும்பத்துக்குச் சிறந்த பருவம் நவம்பர் முதல் மார்ச் வரைதான். நவம்பரிலிருந்து வேடந்தாங்கலிலும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திலும் பறவைகள் கூடும். பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் யாரும் சேரலாம். ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ட பறவைகளை எண்ணி இ-பேர்டு தளத்தில் ஏற்றினால் போதும். காக்கையும் மைனாவும்கூடக் கணக்கில் சேரும் என்பதால், மொட்டை மாடியிலிருந்தே கலந்துகொள்ளலாம். ஜனவரியில் புத்தகக் கண்காட்சி. பிள்ளைக்கு ஒரு தொகையைக் கொடுத்து, பத்து விழுக்காட்டுக் கழிவோடு எத்தனை புத்தகம் வாங்கலாம் என்று அதனிடமே விட்டுவிடுங்கள்.

ஜனவரி முதல் மார்ச் வரை நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே கடற்கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். 1988 முதல் இயங்கிவரும் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் இரவில் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பாதுகாக்கிறார்கள். பொதுமக்களையும் சில இரவுகளில் அழைத்துச் செல்வார்கள். விடியும் வரை மணலில் நடக்க வேண்டியிருப்பதால் பத்து வயதுக்குக் கீழ் வேண்டாம். சிறிய பிள்ளைகளுக்கு, குஞ்சுகளைக் கடலில் விடும் மாலை நேரமே ஏற்றது. மார்கழியில் சபாக்களில் பிற்பகல் கச்சேரிகள் பலவற்றுக்குக் கட்டணம் இல்லை. பள்ளிப் பிள்ளைகள் அரையாண்டுத் தேர்வில் மூழ்கியிருக்கும் நாள்களில் நம் பிள்ளைகள் முன்வரிசையில் உட்காரலாம். ஏப்ரல், மே மாதங்களில் வெளியே அலையாமல், புத்தகம், தையல், சமையல், நீச்சல் என்று வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

கலைப் பயிற்சிக்குத் தனியார் வகுப்புகளைத் தேடுமுன், கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றத்தை விசாரியுங்கள். 5 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பாட்டு, பரதம், ஓவியம் முதலியவற்றைக் குறைந்த கட்டணத்தில் கற்றுத் தருகிறார்கள். விளையாட்டில் ஒரு சிக்கல் உண்டு: பள்ளிகளுக்கிடையேயான போட்டிகளில் நம் பிள்ளைகள் கலந்துகொள்ள முடியாது. சதுரங்கம், இறகுப்பந்து, நீச்சல் போன்றவற்றில் மாவட்டச் சங்கங்கள் வயதுப் பிரிவு வைத்து நடத்தும் போட்டிகளில் பள்ளியின் பெயர் தேவைப்படாது. விளையாட்டைத் தேர்ந்தெடுக்கும்போதே இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற வீட்டுக்கல்விக் குடும்பங்களோடு சேர்ந்து போவது நல்லது. மூன்று நான்கு குடும்பங்கள் போதும். ஆனால் ஒரு எச்சரிக்கை. வாடகைக்கு இடம் பிடித்து, கட்டணம் வாங்கி, நாள்தோறும் பிள்ளைகளைக் கூட்டிப் பாடம் நடத்தினால், அது வீட்டுக்கல்வி ஆகாது. அங்கீகாரமின்றிப் பள்ளி நடத்துவோருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கக் கல்வி உரிமைச் சட்டத்தின் 18ஆம் பிரிவு இடம் தருகிறது. 'ஹோம்ஸ்கூலிங் சென்டர்' என்று பலகை மாட்டி முழுநேரக் கட்டணம் கேட்கும் இடங்களில் சேர்க்குமுன், தேர்வை யார் பெயரில், எந்த வாரியத்தில் எழுத வைப்பார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

தேர்வை நோக்கி

பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதாகும்போது இதைப் பற்றி யோசிக்கத் தொடங்கினால் போதும். மாநில வழியில் போவதென்றால், 12½ வயது நிறைந்தவர்கள் அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். பிறகு பத்தாம் வகுப்பையும் அப்படியே எழுதலாம். பத்தாம் வகுப்புக்கு அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிட்டு, அறிவிப்பின் தேதி தவறிய பிறகு அலைகிறார்கள்.

பெரும்பாலான வீட்டுக்கல்விக் குடும்பங்கள் தேர்ந்தெடுப்பது தேசியத் திறந்தநிலைப் பள்ளியை. 14 வயது நிறைந்திருந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். ஒரு மொழியையாவது சேர்த்து ஐந்து பாடங்கள், ஓவியம், மனையியல் போன்றவையும் பட்டியலில் உண்டு, தமிழையும் எடுக்கலாம். ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல்–மே மாதங்களிலும் அக்டோபர்–நவம்பர் மாதங்களிலும், தேர்வு நடக்கும். பதிவு ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும் என்பதால் ஐந்து பாடங்களையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. பிள்ளைக்குக் கைவந்த இரண்டு பாடங்களை முதல் முறையில் எழுத வைத்து, தேர்வுக்கூடத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதும் பழக்கத்தை அங்கே பெற விடுங்கள். வீட்டில் வாய்மொழியாகவே நிறையக் கற்ற பிள்ளைகளுக்குப் பாடத்தைவிடக் கையெழுத்து வேகமே பெரிய தடையாக இருக்கும். பதின்மூன்று வயதிலிருந்தே நாளுக்கு ஒரு பக்கம், கடிகாரத்தைப் பார்த்து எழுத வைப்பது உதவும். பிள்ளை விரும்பும் கல்லூரிப் படிப்பின் சேர்க்கை விதிகளில் திறந்தநிலைப் பள்ளிச் சான்றிதழ் ஏற்கப்படுகிறதா என்பதை அந்த ஆண்டின் கையேட்டிலேயே பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் வாரியத்தை முடிவு செய்ய வேண்டும்.

விண்ணப்பத்தை நிரப்பும் நாளில் தமிழ்க் குடும்பங்களுக்கென்றே ஒரு சிக்கல் காத்திருக்கிறது: தலைப்பெழுத்து. பிறப்புச் சான்றிதழில் தலைப்பெழுத்து இல்லாமல் பெயர் மட்டும், ஆதாரில் அப்பா பெயர் பின்னால், கடவுச்சீட்டில் அது குடும்பப் பெயர் இடத்தில் என்று மூன்றும் மூன்று விதமாக இருக்கும். பள்ளியில் படித்திருந்தால் எழுத்தர் எப்போதோ ஒன்றைச் சொல்லித் திருத்த வைத்திருப்பார். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எப்படி அச்சாகிறதோ அப்படியேதான் பின்னால் எல்லா இடத்திலும் கேட்பார்கள். ஆகவே எந்த வடிவம் என்பதை முன்பே முடிவு செய்து, ஆதாரையும் மற்றவற்றையும் அதற்கேற்பத் திருத்தி முடித்த பிறகே தேர்வு விண்ணப்பத்தைத் திறக்க வேண்டும். திருத்தம் முடியச் சில மாதங்கள் ஆகலாம் என்று வைத்துக்கொண்டு நாளைக் கணக்கிடுங்கள்.